மலகாசி மலைநாட்டின் ஒற்றை நாற்று

நெல்லைப் பயிரிடும் நாடுகள் பல. உணவு கொள்ளுதல் என்றாலே சோறுண்ணுதல் என்று பொருள்படப் பேசும் மக்கள் சிலரே. அச்சிலருள் நாம் ஒரு சாரார். ஆபிரிக்கக் கரைக்கு அப்பால், இந்துமாகடலின் தென்மேற்கிற் கிடக்கும் மடகாஸ்கர்த் தீவினர் மற்றொரு சாரார். அவர்தம் மொழியில் நெல்லுக்கும் சோற்றுக்கும் 'வரி' என்பது பெயர். சோற்றோடு சேர்த்து உண்பன யாவும், அவை இறைச்சியாயினும் கீரையாயினும், ஒரே சொல்லால் வழங்கும். நாம் 'கறி' என்பது போல. சோறு வடித்த பானையின் அடியிற் பிடித்த தீய்ந்த பருக்கையில் நீர் வார்த்துக் கொதிக்கவைத்து, உணவின்பின் அந்நீரையே பருகுவர். ஒலியொப்புமை கண்டவுடன் உறவுமுறை கூறப் புறப்படும் வழக்கம் நம் புலவரிடையே மிகுதி. அவ்வழியில் யான் செல்லேன். மலகாசி மொழி போர்ணியோத் தீவின் பாரித்தோ ஆற்றுப் பக்கத்து மொழிகளுக்கு இனமானது என்பதே மொழிநூலார் துணிபு. அம்மக்களின் முன்னோர் ஆயிரம் ஆண்டுகளுக்கும் முன்னர் அக்கடல் கடந்து வந்தோர். நெல்லோடு அவர்க்குள்ள பற்றும் அத்துணைப் பழமையது.

தீவின் நடுவே உயர்ந்து நிற்பது மலைநாடு. தலைநகராகிய அந்தனானாரிவோ கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,280 மீற்றர் உயரத்திலுள்ளது. அதற்குத் தெற்கேயுள்ள அன்சிறாபே ஏறத்தாழ 1,500 மீற்றர் உயரத்தது. மெரினா, பெற்சிலேயோ என்னும் இரு குடியினர் ஆங்கு வாழ்கின்றனர். பெற்சிலேயோ மக்கள் மலைச்சரிவைப் படிபடியாக வெட்டி வரம்பு கட்டி வயலாக்குவதிற் பெயர் பெற்றவர். மெரினா அரசருள் 1810ஆம் ஆண்டளவில் மறைந்த அந்திரியானம்பொயினிமெரினா என்பான், தலைநகரைச் சூழ்ந்த சதுப்பு நிலத்தை வாய்க்கால் வெட்டி வடித்து நெல்வயலாக்கினான். கடலே என் வயலின் வரம்பு என்று அவன் கூறியதாக அந்நாட்டார் இன்றும் சொல்லுவர். ஆட்சிப் பரப்பை வயற்பரப்பாக எண்ணிய அரசன் அவன். வரப்புயர நீருயரும் என்ற நம் மரபினர்க்கு அவன் அயலான் அல்லன்.

இத்துணைப் பற்றிருந்தும் விளைச்சல் சிறிதே. ஹெக்டேயர் ஒன்றுக்கு இரண்டு தொன் நெல் கிடைத்தாற் பெரிது என்னும் நிலை நெடுங்காலம் நிலவியது. பள்ளத்து வயல் போதாதவர் மேட்டுக் காட்டை வெட்டி எரித்து, நம் நாட்டுச் சேனை போல, இரண்டொரு போகம் விதைத்துப் பின் கைவிட்டு அப்பாற் செல்வர். காடழிந்த சரிவிலிருந்து செம்மண் கரைந்து ஆற்றில் இறங்கும். மாரிக்காலத்தில் அத்தீவின் ஆறுகள் செந்நிறமாய்க் கடலிற் கலப்பதை வானூர்தியிற் செல்வோரும் காணலாம். உலகில் வேறெங்கும் இல்லாத உயிரினங்கள் பல அக்காட்டில் வாழ்வன. காட்டைக் காக்க வேண்டும் என்பாரும் வயிற்றைக் காக்க வேண்டும் என்பாரும் எதிரெதிரே நிற்கும் நிலை அங்ஙனம் உண்டாயிற்று.

அம்மக்களின் பழைய நெற்செய்கை முறையை இங்கே சற்று விரித்துரைத்தல் வேண்டும். மாடுகளை மந்தையாக வயலில் விட்டு வளைத்து ஓட்டிச் சேறு மிதிப்பிப்பர். எருமைக் கடாக்களைக் கொண்டு சேறு மிதிப்பித்த நம் கிழக்கு மாகாணத்து முதியோர்க்கு இது புதிதன்று. நாற்றுமேடையிலே ஒரு மாதமும் அதற்கு மேலும் நின்று முற்றிய நாற்றைப் பிடுங்கி, மூன்று நான்காகச் சேர்த்து நெருக்கி நடுவர். நட்டபின் வயலில் நீர் குறையாது தேக்குவர். களையை அடக்கும் எளிய வழி அதுவே. இவை யாவும் முன்னோர் வகுத்தவை. மலகாசி மக்கள் முன்னோரைத் தெய்வமாக மதிப்பவர்; முன்னோர் செய்யாததைச் செய்தல் குற்றமாகும் என அஞ்சுபவர். இன்னின்ன செய்யலாகாது என்னும் விலக்குகள் ஊருக்கு ஊர் வேறுபட்டு வழங்குவன. எனவே அங்கு வயலிற் புதுமை புகுத்த முயல்வோன் மண்ணோடு மட்டுமன்றி மறைந்தோரோடும் பேசவேண்டியவனாகின்றான்.

1961ஆம் ஆண்டு இம்மலைநாட்டுக்கு வந்து சேர்ந்தார் ஹென்றி த லோலானியே என்னும் பிரெஞ்சு நாட்டுத் துறவி. 1920இற் பிறந்தவர்; யேசு சபையிற் சேர்வதற்கு முன்னரே பாரிசில் வேளாண்மைக் கல்வி பயின்றவர். கற்று வந்த கல்வியை மக்கள்மேற் சொரியாமல், அவர்கள் செய்வனவற்றைப் பல்லாண்டு பார்த்தார். ஊரோடு ஒத்து ஒரே வகையாய் நடப்பதாகத் தோன்றும் உழவருள்ளும், உற்று நோக்கின், வேறுபட நடப்போர் ஆங்காங்கே உளர். ஓரிடத்தில் ஒருவர் கொத்தாக நடாமல் ஒற்றை நாற்றாக நடுவதைக் கண்டார். வேறோரிடத்தில், வளரும் பருவத்தில் நீரை இடையிடையே வடித்து மண்ணை ஈரமாய் மட்டும் வைத்திருப்போரைக் கண்டார். ஒருவர் அறிந்தது அடுத்த பள்ளத்தாக்கினர்க்குத் தெரியாது. சிதறிக் கிடந்த அவ்வறிவைத் தொகுத்ததே அவர் செய்த முதற்பணி. ஏடு தேடி ஊரூராய் அலைந்த உ. வே. சாமிநாதையரின் தொழிலுக்கும் இதற்கும் பெரிய வேறுபாடு ஒன்றையும் யான் காணேன். அவர் தேடியது ஓலையில், இவர் தேடியது சேற்றில்.

1981இல் அன்சிறாபேயிற் கிராமத்து இளைஞர்க்கென ஒரு பள்ளியைத் தொடங்கினார். 1983ஆம் ஆண்டுப் போகத்தில் மழை பிந்தியது. காலங் கருதிப் பதினைந்தே நாள் நிரம்பிய நாற்றுக்களைப் பிடுங்கி நட நேர்ந்தது; அதுவும் ஒவ்வொன்றாக, இருபத்தைந்து சென்ரிமீற்றர், அதாவது பத்தங்குல இடைவெளியிற் சதுரமாக. முதன்மாதத்தில் அவ்வயல் பார்ப்போர் நகைக்கும் தோற்றத்தது. பின்னரோ, ஒவ்வொரு நாற்றும் இருபதுக்கும் மேற்பட்ட மட்டங்கள் வெடித்துப் பரந்தது. மறு ஆண்டுகளில் இன்னும் இளைய நாற்றை நட்டுப் பார்த்தனர். அறுபது, எண்பது மட்டங்கள் வரை வெடித்த பயிர்களும் காணப்பட்டன.

இதன் காரணம் என்ன என்பதை அத்துறவியும் மாணவரும் உடனே அறிந்திலர். 1988ஆம் ஆண்டில், கத்தயாமா என்னும் யப்பானிய அறிஞர் நெற்பயிரின் மட்டம் வெடித்தல் குறித்துப் பல ஆண்டுகளுக்கு முன் ஆராய்ந்து கண்ட கணக்கு அவர் பார்வைக்கு எட்டியது. நெற்பயிர் குறித்த கால இடைவெளிகளில் இலையும் மட்டமும் வேரும் விடும். மட்டத்திலிருந்து மட்டமும், அம்மட்டத்திலிருந்து மறுமட்டமும் வெடிப்பதால், முதலிற் சிறிதாய்த் தொடங்கிய எண் பின்னர் விரைந்து பெருகும். பன்னிரண்டு இடைவெளிகள் தடையின்றி நிரம்பின் ஒரு நாற்று எண்பத்துநான்கு மட்டங்கள் வரை தரவல்லது என்பது அக்கணக்கு. மூன்று இடைவெளிகள் கழிந்து நான்காவது தொடங்கும்போதே முதல் மட்டம் தோன்றும். அதன்பின் பிடுங்கி நட்டால் வேர் புண்பட்டு, முதன் மட்டங்களும் அவற்றின் வழித்தோன்றல்களும் இல்லாதொழியும். ஆதலால் இரண்டிலைப் பருவத்தில், எட்டு முதற் பன்னிரண்டு நாளுக்குள், வித்தும் வேரும் குலையாமல் எடுத்து, வாடுமுன் நடுதல் வேண்டும். வட்டியும் வட்டிக்கு வட்டியும் என்று கணக்கு வாத்தியார் கற்பிப்பதை நெற்பயிர் தானே செய்து காட்டுகின்றது.

நீரைப் பற்றிய செய்தியும் இத்தகையதே. நெல் நீரில் நிற்கவல்ல பயிர்; நீரிலேயே நின்றாக வேண்டிய பயிரன்று. இடையறாது நீர் தேங்கிய மண்ணிற் காற்றில்லாமையால் வேரின் பெரும்பகுதி கதிர் வரும் காலத்துக்குள் அழிகின்றது. விட்டுவிட்டு நீர் பாய்ச்சினால் வேர் ஆழ்ந்து செல்லும். ஆனால் நீர் குறைந்தவிடத்துக் களை மிகும். அதற்காகவே சதுர நடுகை. பற்சக்கரம் பூட்டிய கைக்கருவியை நெடுக்கும் குறுக்குமாகத் தள்ளிச் சென்றாற் களையும் புதையும், மண்ணும் கிளறுண்டு காற்றேற்கும். உலர்ந்த புழுதியின் பயனையும், நீர் பாய்ச்சலினும் பயிரைக் காத்தல் மேலானது என்பதையும் வள்ளுவனார் உழவு அதிகாரத்திற் கூறியிருப்பதை அறிந்த நம் மாணவர்க்கு இம்முறையின் உட்கருத்து எளிதில் விளங்கும். விதை ஹெக்டேயருக்கு ஐந்து முதல் எட்டுக் கிலோ போதும். 1980களின் இறுதியில் அந்நாட்டரசு செயற்கை உரத்துக்கு அளித்து வந்த மானியத்தை நீக்கியபோது, லோலானியே கூட்டெருவுக்கு மாறினார், விளைச்சல் குறையவில்லை.

1990இல் அவரும் செபஸ்தியேன் ரஃபாரலாஹி, யுஸ்தேன் ரபெனந்திரசானா என்னும் மலகாசி நண்பர் இருவரும் ஒரு சங்கத்தை நிறுவினர். அதன் பெயர் தெஃபி சாயினா. உள்ளத்தைப் பண்படுத்தி உருவாக்குதல் என்பது அதன் பொருள். நெல் என்ற சொல் அப்பெயரில் இல்லை என்பதைப் படிப்போர் கவனிக்க. பயிரைத் திருத்துதல் உழவனின் சிந்தனையைத் தட்டி எழுப்புவதற்கு ஒரு வாயில் என்றே அவர்கள் கருதினர். இன்ன நாளில் இன்னது செய் என்று கட்டளையிடாமல், நட்டுப் பார், அளந்து பார், உன் மண்ணுக்கு எது பொருந்தும் என்று நீயே மாற்றிப் பார் என்பதே அவர்களது போதனை. முப்பதாண்டு வகுப்பறையில் நின்ற யான் இதனை வியப்போடு படித்தேன். நன்னூலைப் பாராமற் சொல்லத் தெரிந்த மாணவன் ஒரு பிழையான வாக்கியத்தைக் கண்டு பிழை எது என்று சொல்லத் தயங்குவதை நாள்தோறும் காண்பவர் நாம்.

1994ஆம் ஆண்டில் இச்சங்கம், அமெரிக்காவின் கோர்ணெல் பல்கலைக்கழகத்தாரோடு சேர்ந்து, ரனோமஃபானா என்னும் காட்டுப் புகலிடத்தைச் சூழ்ந்த ஊர்களிற் பணியாற்றத் தொடங்கியது. 1991இல் அக்காடு தேசியப் பூங்காவாக்கப்பட்டமையால், சுற்றிலும் வாழ்ந்தோர் காட்டை எரித்துப் பயிரிடுவதை விடவேண்டியவராயினர். பள்ளத்து வயலில் விளைச்சல் பெருகினாலன்றி அவர்க்கு வேறு வழியில்லை. மண்ணோ புளிப்பு மிக்கது. பொசுபரசுச் சத்துக் குன்றியது. முதற்போகத்திற் புதுமுறையைச் செய்து பார்க்கத் துணிந்தோர் முப்பத்தெட்டுப் பேர். மற்றையோர் வரம்பில் நின்று பார்த்தனர். பச்சிளம் நாற்றை ஒற்றையாய் நடுபவன் குடும்பத்தைப் பட்டினி போடப் பார்க்கிறான் என்று அயலார் எண்ணுவது இயல்பே. அறுவடையின்போது அதே வயலைப் பார்ப்பவர் பேச்சு வேறாயிற்று. இரண்டு தொன் விளைந்த ஊர்களில், முறையைப் பின்பற்றினோர் வயல்கள் சராசரி எட்டுத் தொன் தந்தன என்று அப்பணியில் ஈடுபட்டோர் எழுதியுள்ளனர். உற்றார் உறவினர் ஒருவர்க்கொருவர் கைமாறாக உழைக்கும் வழக்கம் அந்நாட்டிற் பண்டுதொட்டு உண்டு. ஒரு வயலில் உதவிக்கு வந்தவர் தம் வயலுக்கு அறிவையும் கொண்டு செல்வர்.

இவ்வளவோடு நிறுத்தினால் இது விளம்பரமாகும். எட்டுத் தொன் என்றால் ஊரெல்லாம் மாறியிருக்க வேண்டுமே, மாறவில்லை. ஏன்? கிறிஸ்தீன் மோசர், கிறிஸ்தோபர் பரெற் என்னும் இரு ஆய்வாளர் மலைநாட்டு ஊர்களில் ஆராய்ந்து 2003இல் வெளியிட்ட கட்டுரை இதற்கு விடை தருகின்றது. புதுமுறையைத் தொடங்கியோருட் கணிசமானோர் பின்னர் அதைக் கைவிட்டனர். அவர் சோம்பரல்லர், ஏழைகள். நடுகையும் களையெடுப்பும் கூடுதலான கைவேலையை வேண்டுவன. அக்காலமோ பழைய நெல் தீர்ந்து புதுநெல் வாராத பஞ்சகாலம். அன்றன்றைச் சோற்றுக்கு அயலார் வயலிற் கூலிக்குச் சென்றாக வேண்டியவன், ஆறு திங்களின் பின் வரப்போகும் மிகைநெல்லுக்காகத் தன் வயலில் நிற்க இயலுமா? இந்த வினாவைக் கேளாமல், நம் மக்கள் புதுமையை ஏற்கார் என்று பழிப்போர் எந்நாட்டிலும் உளர். அவர்மேல் எனக்குச் சினமே உண்டு. அறிவைப் பகிர்ந்துகொள்ளலாம்; ஓய்ந்திருக்கும் ஒரு பகற்பொழுது இல்லாதவனோடு எதைப் பகிர்வது? கூட்டாகக் கடன் பெறவும் கூட்டாக உழைக்கவும் வழியிருந்த ஊர்களிலே அம்முறை நிலைத்திருக்க இடமுண்டு என்பதை எவரும் ஊகிக்கலாம்.

அறிஞர் அவையிலும் பூசல் எழுந்தது. ஹெக்டேயருக்குப் பதினைந்து தொன்னுக்கும் மேல் விளைந்ததென்ற செய்திகள் சில மடகாஸ்கரிலிருந்து வந்தபோது, பயிர்நூலார் பலர் அவற்றை நம்ப மறுத்தனர். சின்கிளேயர், காஸ்மன் என்னும் இருவர் 2004இல் எழுதிய கட்டுரையிற் பறக்கும் தட்டுக்களைக் கண்டோம் என்பார் கூற்றோடு இதனை ஒப்பிட்டு எள்ளினர். 2006இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு, மடகாஸ்கர் நீங்கலாகப் பிறநாடுகளில் இம்முறை ஏனைய திருந்திய முறைகளை விஞ்சவில்லை என்றது. மலைநாட்டு வயல்கள் இரும்பு நஞ்சு மிக்க ஏழை மண் ஆதலின், நீரை வடிப்பதால் ஆங்கு விளையும் நன்மை வளமான மண்ணில் விளையாது என்று நடுநிலையாக விளக்கியோரும் உளர். என் கருத்தில், இரு தரப்பாரும் மிகைபடக் கூறினர். இருபது தொன் என்னும் பேச்சு உழவனுக்கு உதவாது. இரண்டு தொன் நான்காயின் அவன் பிள்ளை பள்ளிக்கு வரும். அந்நான்கை எள்ளுதற்கு எவர்க்கும் உரிமையில்லை.

இம்முறையை உலகறியச் செய்தவர் கோர்ணெல் பல்கலைக்கழகத்து நோர்மன் அப்ஹொவ் என்னும் பேராசிரியர். அவர் பயிர்நூலார் அல்லர், அரசியல் நூலார். முதலிற் கேள்வியுற்ற நாளில் அவரும் நம்பவில்லை. ரனோமஃபானாவில் மூன்றாண்டு விளைச்சலைக் கண்ட பின்னரே நம்பினார். நம் நாட்டோடு அவர்க்குப் பழந்தொடர்புண்டு. 1980களின் முற்பகுதியிற் கல்லோயாத் திட்டத்தின் இடதுகரையில், கமநல ஆராய்ச்சிப் பயிற்சி நிறுவகத்தாரோடு உழவர் அமைப்புக்களை உருவாக்கும் பணியில் ஈடுபட்டவர் அவர். நீருக்காக ஓயாச் சச்சரவு மிக்க இடமெனப் பெயரெடுத்திருந்தது அப்பகுதி. இளம் பட்டதாரிகள் ஊரிலே தங்கி உழவரை ஒன்றுகூட்டிப் பேசவைத்தனர். வாய்க்கால்கள் கூட்டுழைப்பால் துப்புரவாயின. முறைவைத்து நீர் பகிரப்பட்டது. தலைவாய்க்காலிலிருந்த சிங்கள உழவர் கடைக்கோடியிலிருந்த தமிழ் உழவர்க்கு நீர் சென்று சேர விட்டுக்கொடுத்ததையும் அவர் 1992இல் வெளியிட்ட நூலிற் பதிந்துள்ளார். அந்த ஆண்டுகளில் நாடு எவ்வாறிருந்தது என்பதை நினைவுள்ளோர் அறிவர். அத்தகைய காலத்திலும் அம்பாறையில் ஒரு வாய்க்கால் இவ்வாறு ஓடியது. அவர் கல்லோயாவிற் கற்றதே அவரை மலகாசி மலைநாட்டுக்கு ஆயத்தப்படுத்தியது என்று எண்ண இடமுண்டு.

மாணவர்க்கு இவற்றையெல்லாம் கூறிக்கொண்டிருந்தபோது, முல்லைத்தீவுப் பக்கத்துக் கமக்காரர் வீட்டுப் பிள்ளையொருவன் எழுந்து, "ஐயா, ஒற்றை நாற்றை நண்டு வெட்டினால் அந்த இடம் பாழ்தானே?" என்றான். எனக்கு விடை தெரியாது. "தம்பி, உன் தகப்பனாரைக் கேட்டு வந்து எனக்குச் சொல்" என்றேன். விடுமுறை கழிந்து வந்தவன் சொன்னது வருமாறு: "நண்டு ஒருபுறம் இருக்கட்டும், நாங்கள் நடுகிறவர்களல்லவே, விதைக்கிறவர்கள், மழையை நம்பிப் புழுதியில் விதைக்கிற நிலத்திற் பத்துநாள் நாற்றை யார் நடுவது, கூலிக்கு ஆள் எங்கே என்று அப்பா கேட்டார், ஐயா. ஆனால் கிணற்றடியில் இரண்டு பரப்பிலே நட்டுப் பார்க்கலாம் என்றும் சொன்னார்." இலங்கையில் 2000ஆம் ஆண்டளவில் இம்முறை அறிமுகமாகியும் பரவாமைக்குரிய காரணம் முழுவதும் அக்கமக்காரரின் ஒரு வாக்கியத்தில் அடங்கிவிட்டது. அவர் அந்த இரண்டு பரப்பில் நட்டாரா என்பதை அடுத்த விடுமுறையில் அறிவேன்.

தமிழ்நாட்டில் நிலை வேறு. அங்கே நடுகை பெருவழக்கு. 2003ஆம் ஆண்டளவில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் தாமிரபரணிப் படுகையில் நூறு உழவரும் காவிரிப் படுகையில் நூறு உழவரும் தத்தம் வயலிலேயே பழைய முறையையும் புதிய முறையையும் அருகருகே செய்து ஒப்பிட வைத்தனர். ஹெக்டேயருக்கு ஒன்றரைத் தொன்னளவு சராசரி மிகை காணப்பட்டது. அரசும் அதனை மேற்கொண்டது. அங்கும் ஒரு சிக்கல் எழுந்தது. கையாற் களை பறித்தவர் பெண்கள்; கருவி வந்தபின் அதைத் தள்ளுபவர் ஆண்களாயினர். பெண்ணின் முதுகு நோவும் குறைந்தது, கூலியும் குறைந்தது. இதனை எவ்வாறு தீர்ப்பது என்பது பயிர்நூல் விடையளிக்கும் வினாவன்று.

லோலானியே 1995ஆம் ஆண்டு மறைந்தார். இன்று அறுபதுக்கும் மேற்பட்ட நாடுகளில் அம்முறை செய்து பார்க்கப்பட்டுள்ளது. அவர் அதைப் பற்றி எழுதிய விரிவான கட்டுரை மறைவுக்கு ஈராண்டு முன்னர், 1993இல், பெல்ஜிய நாட்டு இதழொன்றிற் பிரெஞ்சு மொழியில் வெளியாயிற்று. அதன் தலைப்பில் அவர் 'மலகாசிச் செறிவு நெற்செய்கை முறை' என்றே எழுதினார். தம் பெயரையோ தம் சபையின் பெயரையோ இட்டாரில்லை. ஆங்கிலத்திற் பெயர்த்தோர் 'மலகாசி' என்னும் அடைமொழியை விட்டுவிட்டனர். தமிழ்நாட்டார் 'செம்மை நெற்சாகுபடி' என்றும் 'திருந்திய நெற்சாகுபடி' என்றும் வழங்குகின்றனர். நம் நாட்டுக் கமக்காரர் 'ஒற்றை நாற்று' என்கின்றனர். மூன்றனுள் இப்பெயரையே யான் விரும்புகின்றேன்; எனினும் மலகாசியார் பெயர் இதிலும் இல்லை.